வாங்குவதற்கு முன் ஒரு வருடம் அங்கே வாடகைக்குக் குடியிருங்கள்

கேள்வி: எனக்கு வயது 47. மஸ்கட்டில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம். மகள் எட்டாம் வகுப்பு. வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கோயம்புத்தூரில் குடியேறி, வாடகை வீடுகள் வாங்கி, நானே நேரில் பார்த்துக்கொண்டு, அந்த வருமானத்தில் வாழலாம் என்பது என் எண்ணம். கையில் 1 கோடியே 60 லட்சம் ரூபாய் இருக்கிறது. சரவணம்பட்டியில் ஆறு போர்ஷன் உள்ள ஒரு வீட்டை என் மச்சான் பார்த்து வைத்திருக்கிறார். விலை 1 கோடியே 35 லட்சம். மாத வாடகை மொத்தம் 52,000. என் சார்பில் அவர் கையெழுத்துப் போட இந்த மாதத்துக்குள் பவர் பத்திரம் அனுப்பினால் முடித்துவிடலாம் என்கிறார். ஊருக்கு வருவதற்கு முன்பே இதை வாங்கிவிடலாமா? வந்த பிறகு இதையே முழுநேர வேலையாகச் செய்ய முடியுமா?

பதில்: வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியும். கொள்முதல் பிரிவில் 16 வருடம் இருந்தவருக்கு விலை பேசவும், பில் பார்க்கவும், வேலையாட்களிடம் வேலை வாங்கவும் தெரியும். இந்தத் தொழிலில் பாதி அதுதான். ஊர் மாறி வந்து நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறீர்களே, அதுவும் சரியான முடிவு.

முதல் கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். வீடு மோசம் என்று நான் சொல்லவில்லை, அந்த வீட்டை நான் பார்த்ததே இல்லை. நீங்களும் பார்க்கவில்லை என்பதுதான் காரணம். நேரில் இருந்து பார்த்துக்கொள்ளவே ஊர் மாறுகிறீர்கள். அப்படியிருக்க, இருப்பதிலேயே பெரிய முடிவை மட்டும் மஸ்கட்டில் உட்கார்ந்தபடி எடுக்கக் கூடாது. முதலில் வாருங்கள். நீங்கள் வாங்க நினைக்கிற அதே பகுதியில் ஒரு வருடம் வாடகைக்குக் குடியிருங்கள். அப்புறம் வாங்குங்கள். ஒரு வருட வாடகையாக இரண்டு லட்சம் போகுமே என்று தோன்றும். ஒன்றரைக் கோடியைப் போடுவதற்கு முன் செய்கிற செலவுகளில் இதைவிட உபயோகமான ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் கோவையில் 26 வருடமாக வங்கிகளுக்குச் சொத்து மதிப்பீடு செய்யும் சிவில் இன்ஜினியர். கடன் கேட்கிறவர்களின் வீட்டுக்கு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து, பிளானோடு ஒத்துப் பார்த்து, என்ன பெறும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. அதோடு கணபதியில் எங்கள் அப்பா கட்டிய நான்கு போர்ஷன் வீட்டை நானும் என் மனைவியும் கவனித்து வருகிறோம். தூரத்தில் வீடு வைத்திருந்த அனுபவமும் உண்டு. 2011இல் ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகுவதைப் பார்த்து அங்கே இரண்டு போர்ஷன் வீடு ஒன்று வாங்கினேன். கோவையிலிருந்து ஆறு மணி நேரப் பயணம். பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஒருவரை வைத்தேன். கீழ் வீடு ஏழு மாதமாகக் காலி என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் சொல்லாமல் போய் நின்றேன். உள்ளே மேற்கூரை வரை பிளாஸ்டிக் கேன்கள் அடுக்கியிருந்தன. யாருக்கோ குடோனாக விட்டு வாடகையை அவரே வாங்கிக்கொண்டிருந்தார். வீட்டு இணைப்பில் வியாபாரத்துக்குக் கரண்ட் எடுத்ததாக மின்வாரியம் போட்ட தொகை என் பெயரில் வந்தது, ஏனென்றால் இணைப்பு என் பெயரில். நான்கு வருடத்தில் அந்த வீட்டை விற்றுவிட்டேன். ஆகவே நேரில் இருக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

இப்போது அந்த 52,000. அதை நம்பித்தான் வேலையை விடப் போகிறீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

விலை 1 கோடியே 35 லட்சம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். முழு விலையையும் பத்திரத்தில் காட்டினால் 12 லட்சத்துக்கு மேல் போகும். முழு விலையையும் காட்டுங்கள் என்பதுதான் என் யோசனை. புரோக்கர் கமிஷன், வக்கீல் கட்டணம், வாங்கியதும் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள் எல்லாம் சேர்த்தால் உங்களுக்கு அந்த வீடு ஒன்றரைக் கோடி. மீதி கையில் 10 லட்சம்.

வாடகை வருடத்துக்கு 6 லட்சத்து 24 ஆயிரம். ஆறு போர்ஷனும் பன்னிரண்டு மாதமும் நிரம்பியிருக்காது. ஒருவர் காலி செய்து, சுவரைத் தேய்த்துப் பெயின்ட் அடித்து, அடுத்தவர் வருவதற்குள் ஒன்றிரண்டு மாதம் போய்விடும். சராசரியாக ஒரு மாத வாடகை போனதாக வையுங்கள், 52,000. பெயின்ட், பிளம்பர், மோட்டார் ரீவைண்டிங், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் எல்லாவற்றுக்கும் வருடத்துக்கு 75,000 ஒதுக்குங்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன கட்டடத்துக்கு இது அதிகமே இல்லை. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் 25,000. மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் கரண்ட் 12,000. வாசல், படி கூட்டித் துடைக்க வரும் அம்மாவுக்கு 18,000. இவை போக மிச்சம் 4 லட்சத்து 42 ஆயிரம். மாதம் 37,000 கூட முழுதாக இல்லை. நீங்கள் போட்ட ஒன்றரைக் கோடிக்கு இது 3 சதவீதத்துக்கும் ஒரு நூல் குறைவு.

இது இந்த ஒரு வீட்டின் குறை என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்களில் குடியிருப்புக் கட்டடங்கள் பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்று சதவீதம்தான் கொடுக்கும். அபார்ட்மென்ட் இன்னும் குறைவு, பராமரிப்புத் தொகை வேறு போகும், நிலத்தில் உங்களுக்கு இருப்பது பிரிபடாத ஒரு பங்குதான். அதே ஒன்றரைக் கோடியை வங்கி டெபாசிட்டில் போட்டு ஆறரை சதவீதம் கிடைத்தால் வருடம் 9 லட்சத்து 75 ஆயிரம். அப்படியானால் எதற்கு வீடு வாங்குகிறார்கள்? நிலத்தின் விலை ஏறும், வாடகையும் வருடா வருடம் கொஞ்சம் ஏறும், டெபாசிட் அசல் அப்படியே நிற்கும். பதினைந்து வருடம் காத்திருப்பவருக்கு வீடு நல்ல கணக்கு. அடுத்த மாதச் செலவுக்கு வாடகையை எதிர்பார்ப்பவருக்குச் சிரமமான கணக்கு. உங்கள் மகள் கல்லூரிக்குப் போக இன்னும் ஐந்து வருடம்கூட இல்லை. அந்த நேரத்தில் பணம் முழுவதும் செங்கலாக நிற்கக் கூடாது. 80, 90 லட்சத்துக்குள் முதல் சொத்தை முடியுங்கள். இரண்டு வருடக் குடும்பச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை டெபாசிட்டில் போடுங்கள். இரண்டாவது வீடு மூன்று நான்கு வருடம் கழித்து வரட்டும்.

அந்த 52,000 உண்மையான தொகையா என்பது அடுத்தது. விற்பவர் வாயால் சொல்வதை எழுதிக்கொள்ளாதீர்கள். குடியிருப்பவர்கள் அவருக்கு வாடகை அனுப்பிய ஆறு மாத வங்கிக் கணக்கை அல்லது ஜிபே விவரத்தைக் கேளுங்கள். விற்பதற்குச் சில மாதம் முன்பு தெரிந்தவர்களைக் குடிவைத்து வாடகையை ஏற்றிக் காட்டிய வீடுகளை நான் அளந்திருக்கிறேன். ஒரு போர்ஷன் லீசுக்கு, அதாவது போக்கியத்துக்கு விட்டதாக இருக்கலாம். ஐந்து லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பார்கள். அந்த ஐந்து லட்சத்தை நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். சாதாரண அட்வான்ஸும் அப்படித்தான். ஆறு குடும்பமும் ஆளுக்கு 50,000 அட்வான்ஸ் கொடுத்திருந்தால் மூன்று லட்சம் விற்பவர் கையில் இருக்கிறது. அவர் விலையை வாங்கிக்கொண்டு போய்விடுவார், காலி செய்கிறவர்கள் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். விலையிலிருந்து அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு, யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதி, குடியிருப்பவர்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். இதை மறந்து பணத்தை இழந்தவர்களை வருடத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன்.

ஆறு போர்ஷன் என்றதும் எனக்குத் தோன்றுகிற இன்னொரு சந்தேகம், பிளானில் எத்தனை வீடு என்பது. சரவணம்பட்டி 2011இல்தான் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு முன் அது தனிப் பேரூராட்சி. அந்தக் காலத்தில் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு வீட்டுக்கு அனுமதி வாங்கி, பிறகு மாடிக்கு மேல் மாடியும் பக்கவாட்டில் அறையும் சேர்த்து ஆறாக ஆக்கிய கட்டடங்கள் அங்கே நிறைய. வாடகை ஆறு வீட்டுக்கு வரும். ஆனால் வங்கிக்கு நான் மதிப்பு எழுதும்போது அனுமதி பெற்ற பகுதிக்குத்தான் எழுத முடியும். நாளைக்கு உங்களிடம் வாங்குகிறவர் கடன் போட வந்தால் இது தெரியவரும், விலை குறையும். ஒரு சுலபமான சோதனை, மின் மீட்டர்களை எண்ணுவது. ஆறு போர்ஷனுக்கு இரண்டே இணைப்பு இருந்தால் பிளானும் பெரும்பாலும் இரண்டு வீட்டுக்குத்தான் இருக்கும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் போகப் போக யூனிட் விலை ஏறும். மூன்று குடும்பம் ஒரு மீட்டரில் ஓடினால் எல்லாரும் மேல் அடுக்கின் விலையைக் கொடுப்பார்கள், உங்களோடு மாதா மாதம் தகராறுதான் மிஞ்சும்.

இதில் எதையும் மஸ்கட்டிலிருந்து செய்ய முடியாது. உங்கள் மச்சானும் உங்களுக்காகச் செய்துவிட முடியாது. அவர் அக்கறையாகத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். அதனாலேயே அவரை இந்தப் பாரத்திலிருந்து விடுவித்துவிடுங்கள். நாளைக்கு ஒரு குழாய் உடைந்தால்கூட ‘உன் தம்பி பார்த்துக் கொடுத்த வீடு’ என்ற பேச்சு உங்கள் வீட்டில் வரும். பவர் கொடுத்து வாங்குவது சட்டப்படி முடியும். தூதரகத்தில் சான்று பெற்று, பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திச் செல்லுபடியாக்க வேண்டும். ஆனால் மூலப் பத்திரத்தை உங்கள் கண்ணால் பார்க்காமல் ஒன்றரைக் கோடி கொடுப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வில்லங்கச் சான்றிதழை நீங்கள் அங்கிருந்தே பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு செய்த அடமானம் அதில் தெரியும். தனியாரிடம் பத்திரத்தைக் கொடுத்து வட்டிக்கு வாங்கியது அதில் வராது. ‘ஒரிஜினல் லாக்கரில் இருக்கிறது, பதிவன்று கொண்டுவருகிறேன்’ என்று சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திக்கொள்வது நல்லது.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதற்கு ஒரு ஆடிட்டரைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் வெளிநாடு வாழ் இந்தியராக இருக்கும்வரை, வாடகை தருபவர் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடித்துக் கட்டிவிட்டுத்தான் மீதியை உங்களுக்குத் தர வேண்டும். மாதம் எட்டாயிரத்துச் சொச்சம் தருகிற ஒரு குடும்பத்திடம் இதை எப்படிச் சொல்வீர்கள்? ஊர் திரும்பி இங்கே வசிப்பவராக ஆனபின் இந்தச் சிக்கல் இல்லை. அப்போது கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று பில் இல்லாமலே கழிக்கலாம். 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லாமல் செய்யும் தள்ளுபடியும் இங்கே வசிப்பவருக்குத்தான். வாங்குவதைத் தள்ளிப்போட இதுவும் ஒரு காரணம். 50 லட்சமும் அதற்கு மேலும் விலையுள்ள சொத்தை வாங்கும்போது விற்பவருக்கான பணத்தில் 1 சதவீதம் பிடித்து வரித்துறைக்குக் கட்டுவது உங்கள் பொறுப்பு. வந்ததும், வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. கணக்குகளை இங்கே வசிப்பவரின் கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள். யாராவது பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு இருக்கிறது என்று இப்போதே ஆசை காட்டினால், வெளிநாட்டில் இருக்கும்வரை உங்களால் விவசாய நிலம் வாங்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

சரி, அந்த ஒரு வருடத்தில் என்ன செய்வது? மகள் ஒன்பதாம் வகுப்பு சேர ஜூனில் பள்ளி திறக்கும். மே மாதத் தொடக்கத்தில் வந்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் வந்தால் கோவையின் தண்ணீர் நிலைமை முழுதாகத் தெரியும். எங்கள் ஊரில் சிறுவாணி, பில்லூர் தண்ணீருக்கு நல்ல தண்ணீர் என்று பேர், போர் தண்ணீருக்கு உப்புத் தண்ணீர் என்று பேர். வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்றுதான். தெருவுக்குத் தெரு பதில் மாறும். ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் வறண்டுபோன இடங்கள் உண்டு. வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், குழாய் வாயில் படிந்திருக்கும் வெள்ளை உப்பைப் பாருங்கள், எதிர் வீட்டு அம்மாவைக் கேளுங்கள், மே மாதத்தில் அந்தத் தெருவுக்கு எத்தனை லாரித் தண்ணீர் வருகிறது என்று எண்ணுங்கள். அப்புறம் ஐப்பசி மழை. எந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது, எங்கே பாதாளச் சாக்கடை இருக்கிறது, எங்கே செப்டிக் டேங்க் பொங்குகிறது என்பது அப்போது தெரியும். வெயிலில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை பார்க்காத வீட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

நடந்து பாருங்கள். மாலை ஆறரைக்குச் சரவணம்பட்டியில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் எந்தத் தெருவுக்குள் போகிறார்கள் என்று பாருங்கள். டு-லெட் போர்டுகளை நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்தும் அதே போர்டு தொங்கினால் அங்கே வாடகை அதிகம் அல்லது தண்ணீர் இல்லை. கணபதியில் சிறு பட்டறைகளையும் மோட்டார் தொழிலையும் நம்பிக் குடியிருப்பவர்கள், பீளமேட்டில் கல்லூரி, ஆஸ்பத்திரிகளைச் சுற்றி வாழ்பவர்கள், சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் ஐ.டி. பிள்ளைகள் என்று பகுதிக்குப் பகுதி குடிவருகிறவர்கள் வேறு. 2020இல் வீட்டிலிருந்தே வேலை என்றானதும் ஐ.டி. ஊழியர்களை மட்டும் நம்பிக் கட்டிய வீடுகள் ஒரே மாதத்தில் காலியாயின. கணபதியில் எங்கள் வீட்டில் இருந்த நால்வரும் அப்படியே இருந்தார்கள். ஒரே வகையான சம்பளக்காரர்களை மட்டும் நம்புகிற இடத்தில் மொத்தப் பணத்தையும் போட வேண்டாம். சத்தி ரோட்டில் மெட்ரோ வருகிறது என்று சொல்லி விலையை ஏற்றினாலும் கேட்டுக்கொள்ளாதீர்கள். அந்தப் பேச்சு பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு பகுதியில் குடியிருந்தால் கிடைக்கிற இன்னொன்று உண்டு. கேஸ் சிலிண்டர் போடுகிற தம்பி, தண்ணீர் கேன் கொண்டுவருபவர், தெருமுனையில் இஸ்திரி போடுகிற அண்ணன் ஆகிய இந்த மூவருக்கும் எந்த வீடு காலியாகப் போகிறது, எந்தப் பெரியவர் வீட்டை விற்றுவிட்டு மகனோடு பெங்களூர் போக நினைக்கிறார் என்று புரோக்கருக்கு முன்பே தெரியும். ஆறு மாதம் அவர்களோடு பேசிப் பழகிய ஒருவருக்குத்தான் அந்தச் செய்தி வரும். நான் பார்த்தவரை, கோவையில் நியாயமான விலையில் கைமாறிய வீடுகள் பலவும் போர்டு மாட்டாமலே விற்றவை.

வாடகைக்கு இருக்கும்போது நீங்களே ஒரு குடித்தனக்காரர். மோட்டார் நின்றுபோய் இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும், வீட்டுக்காரர் போனை எடுக்காவிட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வீர்கள். பின்னால் உங்கள் வீட்டில் குடியிருப்பவர்கள் அதன் பலனை அனுபவிப்பார்கள்.

வாங்கிய பின் நேரில் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் நினைப்பதைவிட வேலை குறைவு, ஆனால் அது வருகிற நேரம் நம் கையில் இல்லை. இரவு பத்தரைக்கு ஓவர்ஹெட் டேங்க் வழிகிறது என்று போன் வரும். நம்பகமான ஒரு பிளம்பர், ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு கொத்தனார், இந்த மூன்று பேரும் கையில் இருந்தால் பாதிக் கவலை இல்லை. அவர்களுக்குக் கூலியை அன்றன்றைக்கே கொடுங்கள், அடுத்த தடவை கூப்பிட்டதும் வருவார்கள். காலண்டரையும் கவனியுங்கள். நம் ஜனங்கள் ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற மாட்டார்கள், பலர் புரட்டாசியையும் தவிர்ப்பார்கள். ஆனி முடிவதற்குள் நிரம்பாத வீடு ஆவணி வரை காலியாகக் கிடக்கும். ஆகவே வைகாசியிலேயே யார் இருக்கிறார்கள், யார் போகிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும்.

ஒப்பந்தத்தை எழுதாமல் யாரையும் வைக்காதீர்கள். 11 மாதத்துக்கு ஒரு ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி டிராயரில் போட்டால் போதும் என்பது பழைய பழக்கம். 2017இல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். பதிவு செய்யாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, வாடகை தராதவரைக் காலி செய்யச் சொல்லிப் போனால் நீங்கள்தான் அலைவீர்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். கோவையில் பத்து மாதம் வாங்கும் வழக்கம் இருக்கிறது. மூன்றோடு நிறுத்துங்கள். நல்ல குடும்பங்கள் உங்கள் வீட்டைத் தேடி வரும், திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனும் குறைவாக இருக்கும். சாவியை வாங்கிய ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தாதீர்கள். சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், உள்ளே குழந்தை இருக்கும் வீட்டில் அதைச் செய்யக் கூடாது.

யாருக்கு வீடு விடுவது என்பதில் என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன். என்ன சாதி, என்ன மதம், அசைவம் சமைப்பீர்களா என்று கேட்டு வடிகட்டுகிற வீட்டுக்காரர்களை நிறையப் பார்க்கிறேன். அது தப்பு. வேலை பார்க்கும் இடம், சம்பளம், முன்பு இருந்த வீட்டுக்காரரின் போன் நம்பர், ஆதார் நகல், இவ்வளவு போதும். முன்பு இருந்த வீட்டுக்காரரிடம் ஐந்து நிமிடம் பேசினால் தெரிவது வேறெதிலும் தெரியாது. எங்கள் கணபதி வீட்டில் ஒன்பது வருடமாக ஒரு நாள்கூட வாடகை தவறாமல் இருக்கிற குடும்பத்துக்கு, அதற்கு முன் நான்கு தெருவில் வீடு கிடைக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் நான் தேடிப் பார்த்துக் கிடைக்காத ஒன்று உண்டு. உங்கள் மனைவிக்கு இதில் என்ன விருப்பம்? ஆறு குடும்பம் குடியிருக்கும் வீட்டில், நீங்கள் ஹார்ட்வேர் கடைக்குப் போயிருக்கும்போது மேல் வீட்டுப் பெண் வந்து பைப் ஒழுகுகிறது என்று சொல்லப்போவது அவரிடம்தான். எங்கள் வீட்டில் வாடகை நோட்டு என் மனைவி கையில் இருக்கிறது, யாருக்கு வீடு விடுவது என்பதும் பெரும்பாலும் அவர் முடிவுதான். மச்சானிடம் பேசுவதற்கு முன் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கு இது வேண்டாம் என்றால் வேறு வழி யோசிக்க வேண்டும், அதையும் எனக்கு எழுதுங்கள். பத்திரம் இருவர் பெயரிலும் இருக்கட்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. டோக்கன் அட்வான்ஸ் எதையும் அனுப்ப வேண்டாம் என்று மச்சானிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள். வேறு ஒருவர் அந்த வீட்டை வாங்கிக்கொண்டால் வாங்கட்டும். மே மாதம் நீங்கள் வந்து இறங்கும்போதும் அது விற்காமல் இருந்தால், அதே தெருவில் ஒரு வாடகை வீடு கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அங்கே குடியிருந்து, ஐப்பசியில் ஒரு பெரிய மழை பெய்த மறுநாள் காலை அந்த வீட்டு வாசல் வரை நடந்து பார்த்துவிட்டு, மீட்டர் எண்ணிக்கையையும் பிளான் நகலையும் எனக்கு அனுப்புங்கள். விலையைப் பற்றி அப்போது பேசலாம்.